வரப்போகும் தட்டுகளின் அறிவிப்பை வாசிக்கும் முறை

உலகத்துப் பழம்படங்களையும், சிறு ரசிகர் கூட்டமொன்று தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற விசித்திரப் படங்களையும் வீட்டிலே வைத்துப் பார்க்கும் பழக்கமுடையவர்களுக்கு, ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதியை ஒட்டி ஒருவித ஜுரம் காண்பது வழக்கம். அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டு முதல் இத்தகைய படங்களைப் பதிப்பித்து வெளியிடும் தொழிலை நடத்திவரும் கிரைட்டீரியன் நிறுவனம், மூன்று மாதங்களுக்குப் பின் வெளியிடப்போகும் ப்ளூரே முதலிய தட்டுகளின் ஜாபிதாவை ஏறக்குறைய அத்தேதியிலேதான் அறிவிக்கிறது, இங்கிலாந்தின் பி.எஃப்.ஐ., யுரேகா, ஆரோ, செகண்ட் ரன், இண்டிகேட்டர், ரேடியன்ஸ் முதலியவையும், அமெரிக்காவின் கீனோ லார்பர், வினிகர் சிண்ட்ரோம் ஆகியவையும், பிரான்ஸின் கார்லோட்டாவும், ஆஸ்திரேலியாவின் இம்ப்ரின்டும் தத்தம் காலக்கிரமப்படி அறிவிப்புச் செய்தவண்ணம் இருக்கின்றன. இவை எல்லாவற்றையும் ஒருவன் ஒரு மாதம் விடாமல் கவனித்தானானால், மிஞ்சிய தன் ஆயுள் முழுவதும் பார்த்தாலும் தீராத அளவுக்குப் படங்களின் பெயர்கள் அவன் கையில் சேர்ந்துவிடும். அவற்றுள் எதை வாங்குவது, எதைத் தள்ளுவது, எதற்காகக் காத்திருப்பது என்று நிர்ணயிக்கும் முறையைச் சொல்வதே இவ்வத்தியாயத்தின் நோக்கமாகும்.

புதிதாக இந்தப் பழக்கத்தில் இறங்கியவர்கள் அறிவிப்பைப் பார்க்கும்போது படத்தின் பெயரையும், டைரக்டரின் பெயரையும், அட்டைச் சித்திரத்தின் அழகையும் கண்டு மயங்கி, அந்த க்ஷணமே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஆனால் அறிவிப்பின் ஜீவன் அங்கே இல்லை. அடியிலே, பொடி எழுத்தில், ஒருவரும் வாசிக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தோடு அச்சிட்டாற்போல, இந்தப் பிரதி எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று இரண்டு வரிகள் இருக்கும்; அவற்றையே முதலில் வாசிக்க வேண்டும். பழைய ஏட்டுச் சுவடிகளை ஆராய்ந்து பதிப்பித்த நம் பெரியோர்கள், நூலின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் திருப்தியடைந்துவிடாமல், இந்த ஏடு எந்த ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டது, எழுதினவன் எங்கே விட்டான், எங்கே தானாகச் சேர்த்தான் என்றெல்லாம் விசாரித்துப் பாடபேதங்களைக் குறித்து வைத்தார்கள் அல்லவா? திரைப்படத் தட்டுக்கும் அந்த விசாரணை அத்தியாவசியம். ஏனெனில் படச்சுருளும் ஏட்டைப்போலவே நகலுக்கு நகல் தேய்ந்துகொண்டு போவது.

அந்த வம்சாவளியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காமிராவுக்குள் ஓடி, ஒளியை நேராக வாங்கிக்கொண்ட மூல நெகட்டிவே மூதாதை. அதைக் காப்பாற்றும்பொருட்டு அதிலிருந்து எடுக்கப்படும் நுண்மணி பாசிட்டிவ் இரண்டாம் தலைமுறை. அதிலிருந்து எடுக்கப்படும் நகல் நெகட்டிவ் மூன்றாவது. கொட்டகையில் ஓடும் பிரிண்ட் பெரும்பாலும் நான்காவது. ஒவ்வொரு தலைமுறையிலும் நிழலுக்குள் இருந்த விவரம் கொஞ்சம் கரைந்து, முகத்தின் ரேகைகள் மழுங்கி, வெண்மை வெளிறிப்போகும். ஆகையால், ‘மூல காமிரா நெகட்டிவிலிருந்து’ என்ற சொற்றொடர் அறிவிப்பில் காணப்பட்டால் அது உத்தமம். ‘நுண்மணிப் பிரதியிலிருந்து’ என்றால் மத்திமம். ஒன்றுமே சொல்லாமல், ‘புத்தம் புதிய மாஸ்டர்’ என்று மட்டும் எழுதியிருந்தால், எழுதினவர் ஏன் மௌனம் சாதித்தார் என்று சந்தேகிப்பதில் தவறில்லை.

காத்திருந்தவர்கள் பெற்ற பலனுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஃபிரெஞ்சு டைரக்டர் ழான் ரென்வார் 1937-இல் எடுத்த ‘கிராண்ட் இல்யூஷன்’ என்ற படத்தின் மூல நெகட்டிவ், ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்தபோது பெர்லினுக்குக் கொண்டுபோகப்பட்டு, யுத்த முடிவில் ருஷ்யப் படையினர் கையில் சிக்கி மாஸ்கோவுக்குப் போய், 1960-களில் பண்டமாற்றாகத் திரும்பவும் பிரான்ஸ் தேசத்துத் துலூஸ் நகரத்துக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்தது இன்னதென்று யாரும் உணராமலே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்தன. கிரைட்டீரியன் தன் டிவிடி வரிசையைத் தொடங்கியபோது, முதல் எண்ணை இந்தப் படத்துக்கே ஒதுக்கியிருந்தது. ஆயினும் மேலான நெகட்டிவ் ஒன்று கிடைத்திருக்கிறதென்று தெரிந்ததும், கைவசமிருந்த சாமானிய பிரதியை வெளியிடாமல் நிறுத்திவிட்டது. அதனால் 2-ஆம் எண் கொண்ட ‘ஸெவன் ஸாமுராய்’ 1998-இலேயே கடைக்கு வந்துவிட, 1-ஆம் எண் 1999-இல்தான் வந்தது. வரிசை எண் கெட்டாலும் பிரதி கெடக்கூடாதென்று நினைத்த அந்தப் பதிப்பாசிரியரின் நிதானத்தை வாங்குகிறவர்களும் ஓரளவு கைக்கொள்ள வேண்டும்.

சில படங்களுக்கு மூதாதையே இல்லை. டென்மார்க் தேசத்து டைரக்டர் ட்ரையர் பிரான்ஸில் எடுத்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ 1928-இல் வெளியான சில மாதங்களுக்குள் அதன் நெகட்டிவ் பெர்லினில் தீக்கிரையாயிற்று. ஒதுக்கி வைத்த வேறு ஷாட்டுகளைக் கொண்டு அவர் கட்டிய இரண்டாம் நெகட்டிவும் அடுத்த ஆண்டே எரிந்து போயிற்று. பிற்காலத்தார் சிதைந்த நகல்களையே பார்த்துப் புகழ்ந்துகொண்டிருக்க, 1981-இல், நார்வே தேசத்தில், ஆஸ்லோ நகரை அடுத்த மனநோய் மருத்துவமனை ஒன்றின் அலமாரிக்குள் முதற்பதிப்பின் முழுப் பிரிண்ட் அகப்பட்டது. இப்போது கிடைக்கும் நல்ல தட்டுகள் எல்லாம் அந்த அலமாரியின் சந்ததிகளே. இந்தப் படத்தை வாங்குகிறவர் இன்னொன்றையும் கவனிக்கலாம்: மௌனப் படங்கள் வினாடிக்கு இத்தனை சட்டம் (ஃபிரேம்) என்று ஒரே வேகத்தில் ஓட்டப்பட்டவை அல்லவாகையால், வினாடிக்கு 24 சட்டமாக ஓட்டினால் 81 நிமிஷத்தில் முடியும் இப்படம், 20 சட்டமாக ஓட்டினால் 97 நிமிஷம் ஓடும். யுரேகாவும் கிரைட்டீரியனும் தம் ப்ளூரே பதிப்புகளில் இரண்டையும் கொடுத்திருக்கின்றன. என் அபிப்பிராயத்தில் 20 தான் சரி. ஜோனின் முகம் கண்ணீரை அடக்கிக்கொள்வதற்கு அவகாசம் வேண்டாமா?

டைரக்டர் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ 1927-இல் வெளியாகி, உடனேயே வெட்டப்பட்டு, காணாமற்போன பாகங்கள் 2008-இல் அர்ஜென்டினாவின் தலைநகரத்துச் சினிமா மியூஸியத்தில் 16 மி.மீ. சுருளாகக் கண்டெடுக்கப்பட்டன. அந்தச் சுருள் கீறலும் மழையுமாக இருந்தது. ஏறக்குறைய 25 நிமிஷங்கள் சேர்ந்த அந்தப் புதுப்பதிப்பு 2010-இல் வெளியானபோது, பதிப்பித்தவர்கள் கீறல்களைப் பூசி மறைக்காமல், அளவு குறைந்திருந்த சட்டத்தின் ஓரங்களைக் கறுப்பாகவே விட்டு வைத்தார்கள். பார்க்கிறவன், எது பழைய பாடம், எது புதிதாகச் சேர்ந்த பாடம் என்று தானே கண்டுகொள்ளலாம். அறிவிப்பில் இப்படிக் குறைகளை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டிருப்பவர்களிடம் தைரியமாகப் பணம் கொடுக்கலாம்.

நம் தேசத்துப் படங்கள் சிலவற்றின் கதையையும் இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. சத்யஜித் ராயின் அபு படங்கள் மூன்றின் நெகட்டிவ்களும், 1993-இல் லண்டன் லேபரட்டரி ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் வெந்தும் உருகியும் போயின. எஞ்சிய கட்டைச் சுருள்களைப் பயனற்றவை என்று எறிந்துவிடாமல் அமெரிக்காவின் ஆஸ்கர் அகாடமிக் காப்பகம் பத்திரப்படுத்தி வைத்திருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, இத்தாலி தேசத்துப் போலோன்யா நகரத்து நிபுணர்கள், காய்ந்து முறுகிப் போன அச்சுருள்களுக்கு இரசாயன முறையில் ஈரப்பசை ஊட்டி நெகிழவைத்து, உருகிய ஒட்டுகளைப் பிரித்து, பல் சக்கரத் துளைகளைக் கைவேலையாகவே சீர்செய்து, ஏறத்தாழ 1,000 மணி நேரம் உழைத்தார்கள். ‘பாதேர் பாஞ்சாலி’யில் பாதிக்குக் குறைவாகவும் ‘அபராஜிதோ’வில் பாதிக்கு மேலாகவும் மூல நெகட்டிவிலிருந்தே மீண்டன, ‘அபுர் சன்சார்’ படத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை, அது முழுவதும் நகல்களிலிருந்தே எடுக்கப்பட்டது. 2015-இல் மூன்றும் சேர்ந்து வெளியான பெட்டியை வைத்திருப்பவர்கள் மூன்று படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தலைமுறை வித்தியாசம் என்று மேலே நான் சொன்னதைத் தம் கண்ணாலேயே பரீட்சித்துக்கொள்ளலாம்.

டைரக்டர் மார்ட்டின் ஸ்கார்செஸி 2007-இல் தொடங்கிய, பிற தேசப் படங்களைச் செப்பனிடும் உலக சினிமாத் திட்டத்தின் பெட்டிகள் வரும்போதெல்லாம், பெயர் தெரியாத படங்கள் என்று தள்ளிவிட வேண்டா. 2022-இல் வந்த நான்காம் பெட்டியில், டெஹ்ரான் பழம்பொருட்கடையொன்றில் நெகட்டிவ் அகப்பட்ட ‘காற்றின் சதுரங்கம்’ என்ற ஈரானியப் படமும், உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்து 1948-இல் வெளியிட்ட ‘கல்பனா’வும் இருக்கின்றன. ‘கல்பனா’வில் கே. ராம்நாத் செய்த ஒளிப்பதிவைச் சுத்தமான பிரதியில் காண விரும்புகிற தமிழர்கள், கடல் கடந்து வரும் அந்தப் பெட்டியைத்தான் நாட வேண்டியிருக்கிறது.

இனி, விளம்பரங்களில் அடிபடும் ‘4கே’ என்ற மந்திரத்தைப் பற்றி. மூலச் சுருளை 4கே நுட்பத்தில் ஸ்கேன் செய்வது ஒன்று. அந்த அளவிலேயே பழுதுகளை நீக்கிச் செப்பனிடுவது மற்றொன்று. 3,840-க்கு 2,160 புள்ளிகள் கொண்ட அல்ட்ரா எச்.டி. தட்டில் அதைப் பதிவு செய்து தருவது வேறொன்று. ‘4கே ஸ்கேன்’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, உள்ளே 1,920-க்கு 1,080 புள்ளிகள் கொண்ட சாதாரண ப்ளூரேயை வைத்திருப்பதும் உண்டு. அதில் வஞ்சகம் இல்லை, பிரதி நன்றாகவே இருக்கக்கூடும். ஆனாலும் வாங்குகிறவர் தாம் வாங்குவது எந்தத் தட்டு என்று அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் அல்ட்ரா எச்.டி. தட்டு சாதாரண ப்ளூரே தட்டை ஓட்டும் பெட்டியில் ஓடாது. மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட படத்தை 25 ஜி.பி. கொள்ளும் ஓரடுக்குத் தட்டில் திணித்திருந்தால் யோசிக்கவும், 50 ஜி.பி. ஈரடுக்குத் தட்டே அதற்கு ஏற்றது.

வர்ண விஷயத்தில் அறிவிப்பை நம்பிப் பிரயோஜனமில்லை. தட்டு வந்தபின் பிறர் ஒப்பிட்டுச் சொல்லும்வரை பொறுப்பதே விவேகம். செர்ஜியோ லியோனியின் ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ 2014-இல் புதுப்பிக்கப்பட்டு வந்தபோது, பாலைவனம் மட்டுமல்லாமல் ஆகாயமும் மேகமுங்கூட மஞ்சள் பூசிக்கொண்டிருப்பதாக ரசிகர்கள் முறையிட்டார்கள். பிறகு கீனோ லார்பர் அந்த வர்ணத்தைத் திருத்தி வேறு பதிப்பு வெளியிட்டது. இதைவிடச் சிக்கலானது ஹாங்காங் டைரக்டர் வாங் கார்-வாயின் விவகாரம். 2021-இல் ஏழு படங்கள் அடங்கிய பெட்டிக்காக அவரே தம் படங்களை மேற்பார்வையிட்டுப் புதுப்பித்தபோது, ‘இன் தி மூட் ஃபார் லவ்’ படத்தில் பச்சைச் சாயல் ஏறிற்று. ‘ஃபாலன் ஏஞ்சல்ஸ்’ திரையின் அகலமே மாறிற்று. டைரக்டரே மாற்றியதைத் தவறென்று சொல்ல நாம் யார் என்று கேட்பவர்கள் உண்டு. கவிஞன் முதுமையில் தன் பாட்டைத் திருத்தினாலும், இளமையில் பாடிய பாடத்தை அழித்துவிட அவனுக்கு உரிமையில்லை என்பதே என் கட்சி. ஆகையால் அப்படங்களின் பழைய தட்டுகளை வைத்திருப்பவர்கள் அவற்றை விற்றுவிட வேண்டா.

‘கல்ட்’ என்று சொல்லப்படும் படங்களில் பாடபேதம் இன்னும் மிகுதி. கொட்டகைக்காரரும் விநியோகஸ்தரும் தாட்சணியமின்றி வெட்டியவை அவை. பிரிட்டனில் 1973-இல் வெளியான ‘தி விக்கர் மேன்’ சுமார் 88 நிமிஷத்தில் கொட்டகைக்கு வந்தது. வெட்டி எறியப்பட்ட நெகட்டிவ் பெட்டிகள் ஒரு பெருஞ்சாலையின் அடியில் புதைந்து கிடக்கின்றன என்று கர்ணபரம்பரையாக ஒரு கதை வழங்குகிறது. 2013-இல், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக் காப்பகத்தில் கிடைத்த பிரிண்டைக் கொண்டு, ‘இறுதிப் பதிப்பு’ என்ற பெயருடன் சற்றே நீண்ட வடிவம் வந்தது. வேறொரு நீளமான வடிவமும் உண்டு. இத்தகைய படத்தின் புதிய தட்டு அறிவிக்கப்பட்டால், எத்தனை வடிவங்கள் உள்ளே இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தே வாங்குக.

ஓடும் நேரத்தைக் கவனிக்கும்போது ஒரு வீண் பயத்தை மட்டும் நீக்கிக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய டிவிடிகளில், வினாடிக்கு 24 சட்டமாக எடுத்த படத்தை 25 சட்டமாக ஓட்டுவது வழக்கமாக இருந்தது. அதனால் 100 நிமிஷப் படம் 96 நிமிஷத்தில் முடிந்துவிடும். காட்சி எதுவும் குறைந்திருக்காது. பேச்சும் பாட்டும் சற்றே உச்சஸ்தாயியில் கேட்கும், அவ்வளவே. நான் இதை அறியாத நாளில், போலந்து தேசத்துப் படமொன்றில் நான்கு நிமிஷங்களைத் தணிக்கைக்காரர் வெட்டிவிட்டார் என்று முடிவு கட்டி, நண்பர்களிடமெல்லாம் அங்கலாய்த்தேன்.

அறியாமையால் பணத்தையும் இழந்திருக்கிறேன். தட்டுகளுக்குத் தேசப் பிரிவினை உண்டு: டிவிடியில் அமெரிக்கா 1, ஐரோப்பாவும் ஜப்பானும் 2, இந்தியா 5, ப்ளூரேயில் அமெரிக்கக் கண்டமும் ஜப்பானும் ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, இந்தியாவும் சீனாவும் ருஷ்யாவும் சி. கிரைட்டீரியனின் அமெரிக்க ப்ளூரேகள் ஏ பூட்டு உள்ளவை. இங்கிலாந்துத் தட்டுகளில் மிகப் பல பி பூட்டு உள்ளவை. நம்மூர்க் கடையில் வாங்கிய, தட்டை ஓட்டும் பெட்டியில் இவற்றைப் போட்டால், திரையில் ஒரு வரி மன்னிப்பு வரும், படம் வராது. நான் ஜப்பானியப் படங்கள் கொண்ட பெட்டியொன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்து, சுங்கத் தீர்வையும் கட்டி, வீட்டாரைக் கூட்டி உட்காரவைத்துவிட்டு அந்த மன்னிப்பு வரியைப் பார்த்துக்கொண்டிருந்த மாலைப்பொழுதை மறக்கவே மாட்டேன். ஆகவே முதற்செலவாக எல்லாப் பிரிவுகளையும் ஓட்டும் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அல்ட்ரா எச்.டி. தட்டுக்கு இந்தப் பிரிவினை கிடையாது. ஆனால் அதோடு கூட வைக்கப்படும் ப்ளூரேக்கு உண்டு.

சப்டைட்டில் விஷயம் சுருக்கமானது. தமிழை எதிர்பார்ப்பதற்கில்லை, இங்கிலீஷாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரான்ஸில் வெளியாகும் அருமையான தட்டுகள் பலவற்றில் ஃபிரெஞ்சு மட்டுமே இருக்கும். ஜப்பானில் வெளியாகும் ஜப்பானியப் படங்களில் பெரும்பாலும் எதுவுமே இராது. செக், ஹங்கேரி, போலந்து தேசங்களின் படங்களை இங்கிலீஷ் எழுத்தோடு பார்க்க விரும்புவோர் செகண்ட் ரன் நிறுவனத்தின் அறிவிப்புகளைத் தவறாமல் கவனிப்பார்களாக.

விலையைப் பற்றியும் ஒரு சொல். ரேடியன்ஸ் போன்றவர்கள் பெரும்பாலும் 3,000 பிரதிகள் என்று வரையறுத்து, கட்டுரைப் புத்தகத்தோடு முதற்பதிப்பை வெளியிடுகிறார்கள். அது தீர்ந்தபின் புத்தகமில்லாத சாதாரணப் பதிப்பு வருவதும் உண்டு. கட்டுரைகளைப் படிக்கிற வழக்கமுள்ளவர் முன்பணம் கட்டலாம். அலமாரியில் அட்டை அழகாக இருக்குமே என்பதற்காகக் கட்ட வேண்டா. கிரைட்டீரியன் தட்டுகளோ அமெரிக்கப் புத்தகக் கடைகளில் ஜூலையிலும் நவம்பரிலும் பாதி விலைக்கு வருவது நெடுநாளைய சம்பிரதாயம். ஏப்ரலில் அறிவித்த படத்தை ஜூலையில் வாங்குவதால் நஷ்டம் ஒன்றுமில்லை. விலை மலிந்தாலும் எல்லாவற்றையும் வாங்க வேண்டுவதில்லை. அமில வாடை வீசிச் சுருங்கிப்போகும் அஸிடேட் சுருளின் நோய்க்குத்தான் வினிகர் சிண்ட்ரோம் என்று பெயர். அந்தப் பெயரையே நிறுவனத்துக்கு இட்டுக்கொண்டவர்கள் அழிந்துகொண்டிருக்கும் மலிவுப் படங்களை மீட்பது நல்ல காரியந்தான், எனினும் அவர்கள் மீட்டதையெல்லாம் நாம் வாங்கியே தீரவேண்டும் என்பதில்லை.

தட்டு கைக்கு வந்ததும் உறையைப் பிரிக்காமல் அடுக்கி வைக்கும் வழக்கம் நம்மவர் பலரிடம் இருக்கிறது. நானும் அப்படி இரண்டு ஆண்டுகள் வைத்திருந்த ஆறு தட்டுப் பெட்டியொன்றைப் பிரித்தபோது, மூன்றாம் தட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாம் தட்டே மறுபடி இருந்தது. விற்றவர் மாற்றிக்கொடுக்கும் கெடு முப்பது நாளில் முடிந்துவிட்டிருந்தது. வந்த வாரத்திலேயே எல்லாத் தட்டுகளையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.